திருப்பி அடிக்கச் சொன்னவர்

என் வாழ்க்கையில் ஒரே ஒருவரைத்தான் நான் மன்னித்திருக்கிறேன். அதுவும் பயத்தில். பயந்தது பெரிய விஷயமில்லை, பயப்படுவது எங்கள் குடும்பத் தொழில். அந்தப் பயத்தை மன்னிப்பு என்று நானே நம்பி, ஊரையும் நம்பவைத்து, எங்கள் பாதிரியாரான பங்குச் சாமியிடம் பாராட்டு வாங்கி, தவக்காலக் கூட்டத்தில் 'மன்னித்து வாழ்தல்' என்ற தலைப்பில் இருபது நிமிடம் மைக்கில் பேசியும் விட்டேன். முட்டாள்தனத்துக்கு ஓர் அளவு உண்டு என்பார்கள். என் அனுபவத்தில் அப்படி எதுவும் தட்டுப்படவில்லை.

மன்னிக்கப்பட்டவரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நாகரிகம் கருதி அல்ல. அவர் இப்போது காரைக்காலில் மகள் வீட்டோடு இருக்கிறார் என்று கேள்வி. காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது.

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஓர் ஐஸ் பிளான்ட். அங்கே நான் டோக்கன் எழுதுகிறவன், அவர் ஐஸ் உடைக்கிறவர். நீள நீளமான ஐஸ் பார்களைக் கொக்கியால் இழுத்து வந்து, கட்டைச் சுத்தியலால் துண்டாக்கி, அரவை மெஷினின் வாய்க்குள் தள்ளுவார். மறுபக்கம் தூளாகக் கொட்டும். படகுக்காரர்கள் பெட்டி பெட்டியாக அள்ளிப் போவார்கள். நாள் முழுக்க ஐஸில் கிடக்கும் கை அது. அவர் அறைந்தால் முதலில் கன்னத்தில் ஒரு குளிர்ச்சி தெரியும். ஆகா, சுகமாக இருக்கிறதே என்றுகூடத் தோன்றும். வலி அரை நொடி தாமதமாகத்தான் வரும். வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அவர் அடிப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே அடிப்பார். வரிசை தாண்டிய வேன் டிரைவரை அடித்தார். தூள் கம்மி என்று சொன்ன படகு ஓனரை அடித்தார். ஒருநாள் ரோட்டில் மாட்டை உதைத்தவனை அடித்துவிட்டு, உதை வாங்கிக்கொண்டு சும்மா நின்றதற்காக மாட்டையும் ஒன்று வைத்தார்.

அடிக்கிறவர்களுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஆனால் இவரிடம் ஒரு சட்டம் இருந்தது. யாரை அடித்தாரோ அவர் வீட்டு வாசலில் மறுநாள் காலை ஆறு மணிக்கு நிற்பார். குளித்து, தலை வாரி, வெளுத்த சட்டை போட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. "அடி" என்பார். திருப்பி அடிக்க வேண்டும். வாங்கிய அதே வேகத்தில் அடிக்க வேண்டும். பாவம் பார்த்து மெதுவாகத் தட்டினால் "ஏமாத்துறியா?" என்று புதிதாக ஓர் அறை விழும். அதற்கு மறுநாள் காலை மறுபடி வருவார். மீன் ஏலம் விடுகிறவர் ஒருவருக்கு இது ஒரு வாரம் ஓடியது. எட்டாம் நாள் ஏலக்காரரின் மனைவி பொறுக்கமாட்டாமல் வெளியே வந்து, இடுப்பில் இருந்த எவர்சில்வர் குடத்தைத் தூக்கி இவர் தலையில் இறக்கினார். ரத்தம் புருவம் வரை வந்தது. தொட்டுப் பார்த்தார். "இது சரி" என்றார். பிறகு நசுங்கிக் கிடந்த குடத்தைப் பார்த்துவிட்டு, அதற்கும் ஒன்று போடச் சொல்லித் தலையைக் குனிந்தார்.

அடி மட்டுமல்ல, எதையும் சும்மா வாங்கிக்கொள்ள மாட்டார். அவருக்கு யாரும் டீ வாங்கித் தர முடியாது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் நேராகப் பின்பக்கம் போய் இரண்டு அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்கு வருவார். உள்ளே வரமாட்டார். பின்வாசலில், கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவில் நிற்பார். பூசையின் முடிவில் எல்லோரும் வரிசையாகப் போய்ச் சாமியின் கையிலிருந்து நன்மை வாங்குவோம். இயேசுவின் உடல் என்று சொல்லித் தரும் அந்தச் சின்ன அப்பத்தைத்தான் நாங்கள் நன்மை என்போம். அவர் மட்டும் போகமாட்டார். நான் கோயிலில் வாசகம் வாசிக்கிறவன், திருவிழாவில் மைக் பிடிக்கிறவன், அதனால் எல்லா விஷயத்திலும் மூக்கை நுழைக்கும் உரிமை உள்ளவன். ஏன் நன்மை வாங்குவதில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் இன்னா பண்ணிட்டேன்னு எனக்குக் குடுக்கறாரு?" என்றார்.

யாரும் எதுவும் பண்ணவில்லை, எல்லோருக்கும் சும்மாதான் தருகிறார்கள் என்றேன்.

"சும்மா குடுக்கறத வாங்கிட்டு எப்பிடிடா தூங்கறீங்க?"

நான் நன்றாகவே தூங்கினேன்.

இனி என் கதை. கோயில் திருவிழாவில் தேர் கிளம்பும் நேரம். நாலு தெருவுக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தது. மைக்கைப் பிடித்தால் எனக்கு நாக்கில் சனி வந்து உட்காரும். கூட்டம் தள்ளுமுள்ளாக இருந்தது. "அன்பான பங்கு மக்களே, யாரும் யாரையும் தள்ள வேண்டாம். அடிதடிக்கு நம் ஐஸ் அண்ணன் ஒருவரே போதும். வேண்டியவர்கள் என்னிடம் டோக்கன் வாங்கிக்கொள்ளலாம்" என்றேன். ஜனம் சிரித்தது. எனக்கு ஒரே பெருமை. அண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடை ஏறியதை நான் பார்க்கவில்லை. மைக் என் வாயருகே இருந்ததால் அந்த அறை நாலு தெருவுக்கும் கேட்டது. கடைசித் தெருவில் இருந்தவர்கள் ஏதோ வேட்டு என்று நினைத்தார்களாம். குளிர்ச்சி, அப்புறம் வலி, அப்புறம் நாக்கில் இரண்டு கடைவாய்ப் பல். அவற்றைத் துப்பிவிட்டு, "தேர் நகரலாம்" என்று அறிவித்தேன். தொழில் பக்தி.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் நின்றார். வெளுத்த சட்டை.

"அடி."

என் கை எழவில்லை. எழுந்து, அது சரியாக விழாமல், இன்னொன்று வாங்கி, இன்னும் இரண்டு பல் போனால் நான் வாசகம் வாசிப்பது எப்படி? அந்த நேரத்தில் பரிசுத்த ஆவி போல ஒரு யோசனை வந்தது.

"நான் உங்கள மன்னிச்சுட்டேண்ணே."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

"கை நடுங்குது. பயத்துல குடுக்கறத நான் வாங்க மாட்டேன். அடி."

மன்னிப்புதான், இயேசுவே சொல்லியிருக்கிறார், ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டச் சொல்லி என்றேன். சொன்ன பிறகுதான் அது விபரீதமான வசனம் என்று உறைத்தது. நல்லவேளையாக அவர் மறு கன்னத்தைக் கேட்கவில்லை. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். பால்காரர் எங்கள் தெருவுக்கே வருவதை நிறுத்தினார். "ஒண்ணு குடுத்து அனுப்பேன்யா, டீ போடப் பால் இல்ல" என்று என் மனைவி கெஞ்சினாள். நான் பின்பக்கமாகச் சுவர் ஏறிக் குதித்து வேலைக்குப் போனேன். பத்தாம் நாளோடு அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். மன்னிப்பு வென்றது என்று நான் அறிவித்தேன். அந்த இருபது நிமிடப் பேச்சும் அப்போதுதான். அதற்குப் பிறகு பிளான்ட்டில் அவர் என் பக்கம் திரும்புவதே இல்லை. டோக்கனைக்கூட ஆள் மூலம்தான் வாங்குவார். வாங்காத அடி ஒன்று என்னிடம் நிற்கிறது என்பது தொண்டையில் முள்ளாக அவருக்கு இருந்திருக்க வேண்டும். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த தவக்காலம் தொடங்கிய வாரத்தில் சூசையின் கை போனது.

சூசை எங்கள் பிளான்ட்டில் லோடுமேன். எங்கள் பங்குதான். நல்ல வாய். அன்றைக்கு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னாண்ணே, இந்த வாரமும் கோயில்ல செருப்புக்குக் காவலா?" என்று கேட்டுச் சிரித்தான். அவ்வளவுதான். அவர் அவன் மார்பில் கைவைத்துத் தள்ளினார். அடிகூட இல்லை, ஒரு தள்ளு. தரை முழுக்க ஐஸ் தண்ணீர். சூசை வழுக்கி, விழாமல் இருக்க எதையோ பிடிக்கப் போய், வலது கையை மெஷினின் வாய்க்குள் கொடுத்தான். மறுபக்கம் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்த தூள் சிவப்பாகக் கொட்டியது. நான் டோக்கன் மேஜையில் இருந்து அதைப் பார்த்தேன். இன்றுவரை ரோஸ் மில்க் குடிப்பதில்லை.

அவர்தான் மெஷினை நிறுத்தினார். அவர்தான் கட்டியிருந்த லுங்கியை அவிழ்த்து அந்தக் கையைச் சுற்றினார். வெறும் டவுசரோடு சூசையைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடி, ஆட்டோவை மறித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நாலு விரல் போய்விட்டது. கட்டை விரல் மட்டும் மிச்சம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வெளுத்த சட்டையோடு வார்டில் நின்றார். சூசையின் வலது கை பஞ்சுமூட்டையாகக் கட்டிலில் கிடந்தது. இடது கையால் அடி என்று கேட்டிருக்கிறார். சூசை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "போண்ணே, உன்ன விட்டுட்டேன்" என்றிருக்கிறான். போலீஸ் வந்து விசாரித்தபோது தானே வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டான்.

இவர் நேராக ஸ்டேஷனுக்குப் போய், தள்ளியது நான்தான், பிடித்து உள்ளே போடுங்கள் என்றார். அடிபட்டவனே விழுந்தேன் என்கிறான், உன்னை என்ன செய்வது என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் போனார். மூன்றாம் நாள் ஏட்டு கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். யாரோ தொட்டுத் தள்ளியதில் அவர் முகத்தில் ஒரு நிமிடம் நிம்மதி தெரிந்ததாம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய், "என்ன ஏன்டா விட்ட?" என்று சூசையின் சட்டையைப் பிடித்து உலுக்க, காவலாளிகள் அவரை இழுத்து வெளியே விட்டார்கள்.

இதையெல்லாம் கேட்டபின் நான் சும்மா இருக்கலாம் அல்லவா? இல்லை. ஆரஞ்சுப் பழத்தோடு சூசையைப் பார்க்கப் போனேன். அதே ஆளை மன்னித்த முன்னோடி என்ற முறையில், மன்னிப்பு எவ்வளவு பெரிய விடுதலை என்று அவனுக்கு எடுத்துச் சொன்னேன். சூசை முழுவதும் கேட்டான்.

"உனக்குப் போனது ரெண்டு கடவாப் பல்லு" என்றான்.

நான் ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டு, அவனாகவே சொன்னான்.

"கோவம் இல்லன்னு நெனைக்காத. இந்தக் கட்டப் பாக்கறப்பல்லாம் வருது, அவன வெட்டணும்னு வருது. வந்தா வரட்டும். விட்டுட்டேன்னு சொன்னது சொன்னதுதான். நாளைக்கும் சொல்லணும், நாளான்னிக்கும் சொல்லணும், அதான் பேஜாரு."

என் இருபது நிமிடப் பேச்சில் இதில் ஒரு வரியும் இருக்கவில்லை.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை காலை, முதல் லோடுக்கு முன்னால், அண்ணன் பிளான்ட்டுக்குள் வந்து மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். சொன்னதும் போனார்கள். நானும் எழுந்தேன். "நீ இரு மைக்கு" என்றார். அவர் என்னைக் கூப்பிடும் பெயர் அது. பல மாதங்களுக்குப் பிறகு கூப்பிடுகிறார் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அவர் மெஷின் அருகே போய், சட்டைக் கையை மடக்கி, வலது கையை முழங்கை வரை அதன் வாய்க்குள் விட்டார்.

"சுச்சப் போடு."

மெஷினின் சுவிட்ச் என் மேஜைக்குப் பின்னால் இருக்கிறது. கையை உள்ளே வைத்துக்கொண்டு அவரால் எட்ட முடியாது. அதற்குத்தான் நான்.

"நீ என்ன இன்னும் அடிக்கல. இதான் அந்த அடின்னு வச்சுக்க. ரெண்டும் தீர்ந்துரும். போடு."

நான் பின்னால் திரும்பினேன். சுவிட்சுக்கு மேலே ஃபியூஸ் பெட்டி. மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தரையில் சுருண்டு படுத்துவிட்டேன். இதை வீரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வீரனாக இருந்தால் வாசல் பக்கம் ஓடியிருப்பேன். எனக்குக் கால் வரவில்லை.

அவர் வந்தார். முதல் உதை விலாவில். "குடுடா." இரண்டாவதும் அதே இடத்தில், என்னவோ அளந்து வைத்த மாதிரி. தலைமுடியைப் பிடித்துத் தூக்கி அறைந்தார். குளிர்ச்சி, வலி, குளிர்ச்சி, வலி. உதடு கிழிந்தது. மூக்கில் வந்த ரத்தம் ஐஸ் தண்ணீரில் விழுந்து நூல் நூலாக ஓடியது. என் காது அவர் கையில் ஒருமுறை திருகி நின்றது, இன்றும் அது மற்றதைவிடக் கொஞ்சம் சாய்வு. கொடுத்திருப்பேன். சத்தியமாகக் கொடுத்திருப்பேன். விரல்கள் விறைத்துப்போய்த் திறக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கட்டைகளை எடுத்தார்.

அடித்து அடித்து அவருக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் கிடந்த ஐஸ் பாரின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எதுவும் தீர மாட்டேங்குதே மைக்கு."

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கே எழுந்து, விலாக்கட்டோடு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை ஒன்று போட்டுவிடுவதாகவே முடிவு. ஆறு அடித்தது. ஏழு அடித்தது. பால்காரர்தான் வந்தார். அவர் வரவில்லை. அடித்துவிட்டு அவர் வராமல் இருந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்றால் சிரிப்பீர்கள்.

பெரிய வியாழன் வந்தது. அன்று மாலைப் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமி பன்னிரண்டு பேரின் பாதம் கழுவுவார். எங்கள் பங்கில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே காலை நன்றாகக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். சாமி அழுக்குக் காலையா தொடுவது? விலா ஒடிந்தவன் என்ற கருணையில் அந்த வருடம் எனக்கும் இடம் கிடைத்திருந்தது. இரண்டு நாளாகப் பீர்க்கங்கூடு வைத்துத் தேய்த்தேன். நகம் வெட்டினேன். கடைசியாகப் பவுடர் வேறு போட்டேன். சாமி தண்ணீர் ஊற்றியதும் அது கஞ்சியாகி விரலிடுக்கில் நின்றது. என் காலை மட்டும் அவர் இரண்டு முறை கழுவ வேண்டியிருந்தது.

பன்னிரண்டாவது நாற்காலி காலி. அதற்குரியவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு பழைய சொல்தா. காலில் வீக்கம், வரவில்லை. சாமி தலையைத் தூக்கிப் பின்வாசலைப் பார்த்தார். அண்ணன் அங்கே நின்றிருந்தார், செருப்புகளுக்கு நடுவில். சாமி நாற்காலியைக் காட்டினார். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். சாமி பாத்திரத்தையும் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு, கோயிலின் நடுவழியே பின்வாசல் வரைக்கும் நடந்தார். அந்தச் செருப்புக் குவியலில் மண்டியிட்டு, நின்றுகொண்டிருந்தவரின் காலைப் பிடித்தார். வேலையிலிருந்து நேராக வந்த கால். பித்தவெடிப்பில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

அவர் உதைத்துவிட்டார்.

யோசித்துச் செய்ததில்லை. யாரோ தொட்டதும் கால் தானாகப் போனது. பாத்திரம் உருண்டது. சாமி பின்னால் சாய்ந்து விழுந்தார், கண்ணாடி எங்கோ போனது, உதட்டில் ரத்தம். நாலைந்து பேர் பெஞ்சைத் தாண்டிக் குதித்து வந்து அவர் சட்டையைப் பிடித்து ஓங்கினார்கள். சாமி உட்கார்ந்தபடியே கையைக் காட்டினார். விட்டார்கள். அண்ணன் மண்டியிட்டு, சாமியின் முகத்துக்கு நேராகக் கன்னத்தைக் கொண்டுவந்தார்.

"அடிங்க சாமி. மெதுவா அடிக்காதீங்க."

சாமி வெள்ளைத் துண்டில் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"கால நீட்டுங்க" என்றார்.

தூணோரம் உருண்டுபோன பாத்திரத்தை ஒருவன் குனிந்து எடுத்து வந்தான். இடது கையால். சூசை. அவன் அண்ணனைப் பார்க்கவில்லை. பாத்திரத்தைச் சாமியின் அருகில் வைத்துவிட்டு, பழையபடி போய்த் தூணில் சாய்ந்துகொண்டான். அவன் தாடை இறுகியிருந்தது. அன்றைக்கும் ஒருமுறை 'விட்டுட்டேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தான் போல.

குடத்தடி வாங்கி அசையாமல் நின்ற மனிதரை எனக்குத் தெரியும். அந்தக் காலில் வெதுவெதுப்பான தண்ணீர் விழுந்ததும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். உடம்பு முழுக்கக் குலுங்கியது. யாரோ கண்ணுக்குத் தெரியாமல் சவுக்கால் அடிப்பது போலவும், அவர் அடி ஒவ்வொன்றையும் எண்ணாமல் விடுவது போலவும் இருந்தது.

சனிக்கிழமை, செய்த பாவங்களைச் சாமியிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற நாங்கள் எல்லோரும் ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அப்போதும் முடிந்திருக்கவில்லை. ஈஸ்டர் ஞாயிறு காலைப் பூசையில், நன்மை வாங்கும் வரிசையில் கடைசி ஆளாக நின்றார். அந்த வலது கையை விரித்து நீட்டினார். கேள்வி எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பிளான்ட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் நான் நின்றிருந்தபோது வந்தார். பழக்கதோஷத்தில் "ரெண்டு டீ" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். அவர் கிளாஸை எடுத்துக் குடித்தார். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நான் காசு கொடுத்தபோதும் அண்ணன் தடுக்காமல், கடல் பக்கம் பார்த்துக்கொண்டு குடித்தார்.

மனிதர் இவ்வளவு இளகியிருக்கும்போது நானும் நல்லவனாகிவிடுவது என்று தீர்மானித்தேன். அவர் கை எட்டாத தூரத்துக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு வாசல்ல வச்சு மன்னிச்சுட்டேன்னு சொன்னேன் பாருங்க, அது பொய்யிண்ணே. மன்னிப்பெல்லாம் இல்ல, வெறும் பயம்."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தில் அந்தக் குளிர்ச்சி வந்து விழுவதற்காகக் காத்திருந்தேன்.

"தெரியும்டா மைக்கு, வாங்கிக்கிட்டேன்."